சுவரில் தெரிந்த மின்சாரம்

கோவை வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தது. பைக்காரா ஆற்று நீரைக் குழாய் வழியாக 3,000 அடிக்கும் மேல் கீழே பாய்ச்சி, சிங்காராவில் மின்னாக்கிகளைச் சுழலவைக்கும் திட்டத்தின் வேலை 1929இல் தொடங்கியது. 1932இல் மின்சாரம் கிடைத்தது. சென்னை நகரம் அதற்கு வெகுமுன்பே மின்சாரத்தை அறிந்திருந்தது. 1895இலேயே அங்கே மின்சார டிராம் ஓடியது. சென்னை மாகாண அரசு 1927இல் மின்துறையைத் தனியே ஏற்படுத்திய பிறகுதான் கம்பி நாட்டுப்புறத்தை நோக்கி நீண்டது. பைக்காராவுக்குப் பின் 1937இல் மேட்டூரும் 1944இல் பாபநாசமும் மின்சாரம் தந்தன. 1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் குந்தாவும் நெய்வேலியும் சேர்ந்துகொள்ள, ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள்.

வந்த மின்சாரம் முதலில் பஞ்சாலைகளுக்குப் போனது. அடுத்து கிணற்றுக்குப் போனது. கொங்கு நாட்டு வெள்ளாமை கிணற்றை நம்பியது. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த இடத்தில் மோட்டார் வந்ததும், ஒரு நாள் முழுக்க நடந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. அதனால் மோட்டாருக்கு மனுக் கொடுத்தவர்கள் பலர் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. தோட்டத்து மோட்டார் ரூமில் எரிந்த ஒற்றைப் பல்புதான் பல குடும்பங்கள் கண்ட முதல் மின்விளக்கு. வீட்டுக்குள் மின்சாரம் பரவலாக நுழைந்தது 1960களிலும் 70களிலும்தான். அப்போது சிறுவர் சிறுமியராக இருந்தவர்களின் நினைவில் முதல் வெளிச்சத்தைப் போலவே அழுத்தமாகப் பதிந்திருப்பது, அந்த வெளிச்சத்துக்காக வீட்டுச் சுவரில் நடந்த வேலை. உளியும் சுத்தியலும் கொண்டு தேக்குச் சட்டம், பீங்கான், பித்தளை என்று எல்லாமே கண்ணெதிரே கையால் பொருத்தப்பட்டன. வீட்டார் மின்சாரத்தைப் புரிந்துகொண்டது அந்த வேலையைப் பார்த்துத்தான்.

அதுவரை வீட்டு வெளிச்சம் என்பது மண்ணெண்ணெய்தான். அடுப்படியில் சிம்னி விளக்கு, ஆசாரம் எனும் கூடத்தில் அரிக்கேன், மாட்டுக் கட்டுத்தரைக்கும் தோட்டத்துக்கும் கையில் லாந்தர். பொழுது சாய்வதற்குள் கண்ணாடியைச் சாம்பல் தொட்டுத் துடைத்து, திரியை நேராகக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி வைப்பது பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் அன்றாட வேலை. திரி ஒரு பக்கம் ஏறினால் கண்ணாடி கறுக்கும். காற்றில் திடீரெனச் சுடர் ஏறினால் வெடிக்கும். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு வரும். படிக்கிற பிள்ளைகள் ஒரே அரிக்கேனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்; விளக்கை எடுத்துக்கொண்டு யாராவது உள்ளே போனால் படிப்பும் அங்கேயே நிற்கும். விளக்கு ஆளோடு நடந்த காலம் அது. ஓரிடத்தில் நிலையாக எரியும் விளக்கு என்பதே புதிது.

கம்பம் நடுவதை ஊரே நின்று பார்த்தது. பழைய தண்டவாளத் துண்டும் கான்கிரீட் கம்பமும் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. ஆளுயரக் குழி தோண்டி, கவைக் கம்புகள் முட்டுக் கொடுத்து, வடம் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். கம்பத்தின் உச்சியில் பீங்கான் குமிழ்கள், அவற்றில் கம்பிகள்: மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், தெருவிளக்குக்கென்று தனியாக ஒன்று. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட் இருக்கும். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள 230 வோல்ட்தான் வீட்டு விளக்குக்கு.

வீட்டுக்கு இணைப்பு வாங்க முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எத்தனை பாயிண்ட் என்பது. ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் சட்டம், ஒயர், சுவிட்ச், ஹோல்டர், கூலி எல்லாம் சேர்ந்து செலவு ஏறும். அதனால் பெரும்பாலான வீடுகள் இரண்டு, மூன்று பாயிண்ட்டோடு நின்றன. எந்த இடத்துக்கு விளக்கு என்பதில் வீட்டுக்குள் பேச்சு நடந்தது. ஆண்கள் திண்ணைக்கும் ஆசாரத்துக்கும் கேட்டார்கள். புகையிலும் இருட்டிலும் ஆக்கிப் போட்ட பாட்டிகள் வயர்மேனிடமே நேராகச் சொன்னார்கள்: “கண்ணு, மொதல்ல அடுப்படிக்கு ஒண்ணு போட்டுரு. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.” வயர்மேனும், “சரிங்க ஆத்தா, பொகை படாத பக்கமாப் பாத்து வெக்கிறேனுங்க” என்று அளவெடுக்கத் தொடங்குவார். இரண்டு அறைக்கும் ஒரே பல்பு போதும் என்று நடுச்சுவரில் ஓட்டை போட்டு அதில் விளக்கை வைத்த வீடுகளும் இருந்தன.

வயர்மேன் அரசு உரிமம் பெற்றவர். சைக்கிள் கேரியரில் கட்டிய பையில் கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர், உளி, சுத்தியல், கைத் துறப்பணம், நூல்குண்டு, டெஸ்ட் லாம்ப் இருக்கும். அந்த நாளில் வீடுகளில் பரவலாக இருந்தது பேட்டன் ஒயரிங். அதாவது, தேக்குச் சட்டத்தைச் சுவரிலும் உத்தரத்திலும் அடித்து, அதன்மேல் ஒயரைக் கிளிப்பால் பிடித்து ஓட்டும் முறை. அதைவிடப் பழைய கேசிங் ஒயரிங் வசதியான வீடுகளிலும் அரசுக் கட்டடங்களிலும் இருந்தது. அதில் பள்ளம் செதுக்கிய மரச்சட்டத்துக்குள் ஒயரைப் படுக்கவைத்து மேலே மரமூடி திருகியிருப்பார்கள். தற்காலிக வேலைக்கும் கொட்டகைக்கும் கிளீட் ஒயரிங் போதும். இரண்டு பீங்கான் துண்டுகளுக்கு நடுவே ஒயரைப் பிடித்து, சுவரைத் தொடாமல் அந்தரத்தில் ஓட்டுவது அது.

பேட்டன் வேலையின் முதல் நாள் முழுவதும் கட்டை அடிப்பதில் போகும். சட்டத்தை நிறுத்தும் திருகாணிக்குச் சுவர் தனியாகப் பிடி கொடுக்காது. மண்சுவராக இருந்தால் உதிரும். ஆகவே இரண்டு, இரண்டரை அடிக்கு ஒன்றாகக் குழி வெட்டி, மரக்கட்டைகளைப் பதித்துச் சிமெண்ட் பூசினார்கள். அந்தக் கட்டையின் வடிவத்தில் ஒரு நுட்பம் உண்டு. சுவருக்குள் போகும் முனை அகலமாகவும் வெளியே தெரியும் முனை குறுகலாகவும் செதுக்கியிருக்கும். சிமெண்ட் இறுகிய பிறகு கட்டையை எவ்வளவு இழுத்தாலும் வராது. மட்டம் பார்க்க, நீலத்தில் தோய்த்த நூலை இரண்டு பேர் இரு முனையில் பிடித்துச் சுண்டினால் வெள்ளைச் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேலேயே கட்டைகள் வரிசையாக உட்காரும்.

சிமெண்ட் காய்ந்ததும் சட்டம். அரை அங்குலம் முதல் ஓரிரு அங்குலம் வரை அகலம், எத்தனை ஒயர் ஓடுகிறதோ அதற்கேற்ப. சுவரில் ஏற்றுவதற்கு முன்பே தரையில் வைத்து, ஈயம் பூசிய மெல்லிய பித்தளைக் கிளிப்புகளைச் சின்ன ஆணியால் அதில் அடித்துக்கொள்வார்கள். படுக்கையாக ஓடும் சட்டத்தில் நான்கு அங்குலத்துக்கு ஒரு கிளிப், செங்குத்தாக ஓடினால் ஆறு அங்குலத்துக்கு ஒன்று. வார்னிஷ் பூசி, கட்டைகளில் திருகி நிறுத்திய பின் ஒயரைப் படியவைத்து, கிளிப்பின் ஒரு முனையை வளைத்து மறுமுனையின் துளைக்குள் விட்டு மடித்து அழுத்துவார்கள். மூலையில் ஒயரை ஒடிக்காமல் வட்டமாகத் திருப்புவதும், சட்டங்கள் சேரும் இடத்தில் இடைவெளி தெரியாமல் மூலைவெட்டாக அறுத்துப் பொருத்துவதும் வயர்மேனின் கைப்பழக்கத்தைக் காட்டும். நல்ல வேலை செய்தவர்களை ஊர் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அடுத்த வீட்டுக்காரர் வந்து சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் அவரையே பேசினார்.

ஒயரும் இன்றையதுபோல் இல்லை. அது செம்புக் கம்பி, மேலே ரப்பர் உறை. பழைய வகையில் அந்த ரப்பருக்கு மேல் பருத்தி நூல் பின்னல் ஒன்றும் இருக்கும்; பின்னால் வந்ததில் அதன் இடத்தில் தடித்த ரப்பர் மேலுறை. கம்பியைச் சீவிப் பார்த்தால் செம்பின் நிறத்துக்குப் பதில் வெள்ளி நிறம் தெரியும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் செம்பின்மேல் வெள்ளீயம் பூசியிருந்தார்கள். வயர்மேன்கள் ஒயரின் அளவை எண்ணாலேயே சொன்னார்கள்: 1/18, 3/22, 7/20. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. அடுத்த எண் இழையின் கனம். எண் கூடக்கூட இழை மெலியும். விளக்குக்கு 1/18 அல்லது 3/22 போதும். கடையில் போய் இந்த எண்ணைச் சொல்லி ஒயர் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாடுபோல் மனப்பாடமாக நின்றது.

சட்டம் முடியும் இடங்களில் வட்டமான மரக்கட்டை, அதன்மேல் சுவிட்ச். கறுப்பு அல்லது பழுப்பு பேக்லைட்டில் அரைக்கோளமாகப் புடைத்து, நடுவில் ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கீழே தள்ளினால் எரியும், மேலே தள்ளினால் அணையும். அடிப்பாகம் பீங்கான். உத்தரத்தில் சீலிங் ரோஸ், அதிலிருந்து முறுக்கிய இரட்டை ஒயர் தொங்கும், அதன் நுனியில் பித்தளை ஹோல்டர். பல்பின் இரண்டு காதுகளையும் ஹோல்டரின் பள்ளத்தில் பொருத்தி, அழுத்தி, லேசாகத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும்.

வயர்மேன் தவறாமல் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு: சுவிட்ச் ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். பார்ப்பதற்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றக் கைவைப்பவர் அதை அறியமாட்டார். கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு வித்தியாசத்துக்காக ஒவ்வொரு பாயிண்ட்டிலும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தின் உயிர் அந்த நிதானத்தில் இருந்தது.

அதே அளவு அக்கறை எர்த்துக்கும் வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில், ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து, ஆழமாகக் குழி வெட்டி, துளைகள் இட்ட ஏழெட்டு அடி இரும்புக் குழாயைச் செங்குத்தாக இறக்கினார்கள். சுற்றிலும் கரித்துண்டும் உப்பும் மாறி மாறி அடுக்கினார்கள். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும். குழாயிலிருந்து கம்பி ஒன்று வீட்டின் மெயின் சுவிட்ச் இரும்புப் பெட்டிக்குப் போகும். உள்ளே எங்காவது ஃபேஸ் ஒயர் பெட்டியைத் தொட்டுவிட்டால், மின்சாரம் ஆளின் உடம்பு வழியாகப் போகாமல் இந்தக் கம்பி வழியே மண்ணுக்கு இறங்கி, ஃபியூஸை எரித்துவிடும். மண் காய்ந்தால் எர்த்தின் பலம் குறையும் என்பதால் கோடையில் குழாய்க்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போவார் வயர்மேன். வாசல் தெளிக்கும் தண்ணீரில் ஒரு செம்பை அதற்கும் ஊற்றுவது சில வீடுகளில் காலை வேலையோடு சேர்ந்துவிட்டது.

வேலை முடிந்ததும் மெகர் வரும். கைப்பிடி வைத்த ஒரு சதுரப் பெட்டி அது. கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றினால் 500 வோல்ட் உண்டாகும். அதை ஒயரிங்குக்குக் கொடுத்து, ரப்பர் உறை எங்கேனும் கசிகிறதா என்று பார்ப்பார்கள். 50 மெகா ஓம் என்பதைப் பாயிண்ட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் அளவுக்குக் குறையாமல் முள் காட்ட வேண்டும். ஐந்து பாயிண்ட் வீடு என்றால் 10 மெகா ஓம். டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்ட பிறகே மின்வாரிய ஆட்கள் வந்து கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் இழுத்து, மீட்டர் மாட்டி, முத்திரையிட்டார்கள். எல்லாம் தயாரான பிறகும் மீட்டருக்காகக் காத்திருந்த வீடுகள் உண்டு. அந்த நாட்களில் வெறும் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது பிள்ளைகளின் விளையாட்டு.

இணைப்புக் கொடுத்த அன்று சுவிட்சைப் போடும் உரிமை வீட்டில் மூத்தவருக்கு. மாடத்தில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு சுவிட்சைத் தொட்டார்கள். பல்பு எரிந்ததும் அதற்கும் கைகூப்பினார்கள். அந்திக்கு விளக்குப் போட்டதும் கும்பிடும் வழக்கம் பின்னரும் பல வீடுகளில் தொடர்ந்தது. முதல் இரவில் வீட்டாருக்கு வெளிச்சத்தோடு சேர்ந்து வேறு சிலவும் தெரிந்தன. விட்டத்து ஒட்டடை தெரிந்தது. அடுப்படிச் சுவரின் கரி தெரிந்தது. அரிசியில் கிடந்த கல் தெரிந்தது. மறுநாளே வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றினார்கள்.

பல்புகள் 25, 40, 60 வாட் அளவுகளில் வந்தன. கண்ணாடிக் குண்டுக்குள் மெல்லிய டங்ஸ்டன் இழை. மின்சாரம் பாய்ந்ததும் வெண்சூடாகி ஒளிரும். வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். எரியும் ஆயுள் ஏறத்தாழ 1,000 மணி நேரம். இழை அறுந்த பல்பை மெல்ல ஆட்டி, அறுந்த நுனிகளை ஒன்றோடொன்று கோத்து, இன்னும் சில நாள் எரியவைக்கும் கைவித்தை பலருக்குத் தெரியும். கடையில் பல்பு வாங்கும்போது அங்கேயே மாட்டி எரியவைத்துக் காட்டச் சொல்லித்தான் வாங்கினார்கள்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. 1,000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 40 வாட் பல்பு 25 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 25 வாட் பல்பு 40 மணி நேரம். ஆகவே திண்ணைக்கும் கட்டுத்தரைக்கும் 25, படிக்கும் இடத்துக்கு 40 என்று பங்கிட்டார்கள். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் வீட்டுப் பெரியவரின் குரல் வரும். மீட்டர் கண்ணாடிக்குள் அலுமினியச் சக்கரம் சுற்றுவதும், அதன் விளிம்பில் இருக்கும் அடையாளம் வந்து வந்து போவதும் தெரியும். ஒரு விளக்குப் போட்டால் மெல்ல நகரும். இரண்டு போட்டால் வேகம் கூடும். மின்சாரம் செலவாவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கணக்கெடுக்க வருபவர் எண்ணைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டுப் போன பிறகு, படிக்கத் தெரிந்த பிள்ளை அதைக் கூட்டிக் கழித்து வீட்டாருக்குச் சொல்லும்.

வீட்டுக்குக் காவலாக இருந்தது ஃபியூஸ். வெள்ளைப் பீங்கான் கட்டையில் இரண்டு பித்தளை முனைகளுக்கு இடையே ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் வீட்டு ஒயர் சூடேறுவதற்கு முன் இந்தக் கம்பி உருகி அறுந்து இணைப்பைத் துண்டிக்கும். மழைக்காலத்தில் கம்பத்து ஃபியூஸ் போனால் லைன்மேன் வரும்வரை தெருவே இருட்டு. வீட்டு ஃபியூஸ் போனால் வீட்டிலேயே யாராவது மெயினை அணைத்து, கட்டையைப் பிடுங்கி, கருகிய நுனியைத் துடைத்து, புதுக் கம்பி கட்டிப் பொருத்துவார். ஆபத்தும் இதிலேயே இருந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று ஒயரிலிருந்து தடித்த இழையை எடுத்துக் கட்டினால் ஃபியூஸ் போகாது. அதற்குப் பதில் சுவரில் ஓடும் ஒயரின் ரப்பர் கருகும். தேக்குச் சட்டத்தின் மேல் கருகல் வாசனை வந்த வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான். ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று தேட வேண்டும். கம்பியைத் தடிமனாக்குவது தீர்வாகாது. இது இன்றைக்கும் பொருந்தும் பாடம்.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது, ஷாக் அடித்தவரைக் கையால் இழுக்கக்கூடாது, மெயினை அணைக்க வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த கம்பால் தள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் சொல்லிக் கொடுத்தார்கள். துணி காயப்போடும் கம்பியைச் சர்வீஸ் ஒயருக்குப் பக்கத்தில் கட்டி உயிர் போன செய்திகள் ஊர்களில் உண்டு. அதனால் பயமும் இருந்தது. ஆனால் சுவரில் ஒயர் எங்கே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது, எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்பதெல்லாம் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஆணி அடிக்கும்போது எந்த இடத்தை விட்டு அடிக்க வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை. கிளிப் கழன்றால் கண்ணில் படும். ரப்பர் வெடித்தால் கண்ணில் படும். கறையான் ஏறினால் சட்டத்தில் மண் தெரியும். பழுது தன்னைத் தானே காட்டிக்கொண்டது.

மாற்றம் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் ரப்பர் உறையின் இடத்தைப் பி.வி.சி. பிடித்தது. செம்புத் தட்டுப்பாட்டால் 1960களிலிருந்து அலுமினிய ஒயர் பரவியது. அது விலை குறைவு. ஆனால் இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடியும், திருகுக்கு அடியில் நாளாக ஆகத் தளர்ந்து சூடேறும். வயர்மேன்கள் வருடத்துக்கு ஒருமுறை திருகுகளை இறுக்கச் சொன்னார்கள். டியூப்லைட் வந்தபோது, 40 வாட்டில் குண்டு பல்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வெளிச்சம் கிடைத்தது. சோக், ஸ்டார்ட்டர் என்ற சொற்கள் வீட்டுப் பேச்சில் சேர்ந்தன. பின்னர் பி.வி.சி. குழாய்கள் சுவரின் மேல் ஓடின. அதன்பின் கட்டும்போதே சுவருக்குள் பதிக்கும் கன்சீல்டு ஒயரிங் வந்து, தேக்குச் சட்டத்தின் காலம் முடிந்தது. பீங்கான் ஃபியூஸ் கட்டையின் இடத்துக்கு எம்.சி.பி. வந்தது. மின்கசிவு ஏற்பட்ட கணத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் வந்து, பழைய ஃபியூஸால் காப்பாற்ற முடியாத உயிர்களையும் காப்பாற்றுகிறது.

புதிய முறை பழையதைவிடப் பாதுகாப்பானது; அழகானதும்கூட. ஆனால் பழைய ஒயரிங்கோடு ஓர் அறிவும் வீடுகளை விட்டுப் போய்விட்டது. இன்று வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே குழாய் போகும் வழியைப் படம் பிடித்தும் தாளில் வரைந்தும் வைத்துக்கொள்ள வேண்டும். எர்த் குழி எங்கே இருக்கிறது, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்பதை வீட்டில் உள்ள அத்தனை பேரும் அறிந்திருக்க வேண்டும். சட்டமும் கிளிப்பும் சுவரில் நின்று தாமாகவே சொல்லிக்கொடுத்ததை இப்போது முயன்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.